வகுப்பறைக்குள் வந்த கருவிகள்: சில குறிப்புகள்

1789. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான ஒரு பள்ளி. கம்பெனிப் படையாட்களின் பிள்ளைகள், தகப்பனை இழந்தவர்கள், தகப்பன் இருந்தும் இல்லாதவர்கள், அங்கே தங்கிப் படித்தார்கள். பொறுப்பாளராக வந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒரு நாள் காலை குதிரையில் போகிற வழியில் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றைப் பார்த்தார். தரையில் மணல் பரப்பியிருந்தது. பிள்ளைகள் விரலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதிக்கொண்டிருந்தார்கள். காகிதச் செலவு இல்லை, மைச் செலவு இல்லை. தன் பள்ளியிலும் ஆங்கில எழுத்துகளை அப்படியே கற்பிக்கச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் முடியாது என்றார்கள். பெல் விடவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் வகுப்பை ஒப்படைத்தார். பையன் செய்துகாட்டினான்.

மூத்தவன் இளையவனுக்குச் சொல்லித்தரும் வழக்கமும் நம் திண்ணைப் பள்ளிகளில் இருந்ததுதான். சட்டாம்பிள்ளை என்று அதற்கு ஒரு பதவியே உண்டு. பெல் 1797-இல் லண்டனில் இதையெல்லாம் புத்தகமாகப் போட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு அது பிரிட்டன் முழுக்கப் பரவியது. செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் மெட்ராஸ் காலேஜ் என்ற பள்ளி இன்றும் நடக்கிறது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அந்த உதவி ஆசிரியர்களைப் பிடிவாதக்காரர்களாக மட்டுமே காட்டுகிறார்கள். எனக்கு அவர்கள்மீதுதான் கவனம் போகிறது. அவர்களுக்கு உத்தரவு வந்தது. மணலில் எழுதவைத்தால் எது சுலபமாகும், எங்கே சிக்கும் என்று யாரும் அவர்களோடு உட்கார்ந்து பேசியதாகத் தெரியவில்லை. திண்ணை வாத்தியாரையும் யாரும் அழைத்துக் கேட்கவில்லை. (திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாக்கவும் நான் தயாரில்லை. அடி உதை அங்கே அன்றாடம். எத்தனையோ சாதிப் பிள்ளைகள் அந்தத் திண்ணையில் ஏறவே முடியாது.) மணலும் சட்டாம்பிள்ளையும் கடல் தாண்டின. அங்கே ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே ஆசிரியரைக் கொண்டு மலிவாகப் படிக்கவைக்க வழி கிடைத்துவிட்டது என்பதுதான் பெரிய ஈர்ப்பாக இருந்தது.

இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் வகுப்பறைக்குள் ஒரு புதுக் கருவி வரும்போது எனக்கு இந்த எழும்பூர்ப் பள்ளி நினைவுக்கு வருகிறது. ஆசிரியரைக் கேட்டு வந்ததா, கேட்காமல் வந்ததா?

*

செலஸ்தேன் ஃப்ரெனே. இவரைப் பற்றித் தமிழில் இன்னும் நிறைய எழுத வேண்டும்.

முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டுத் திரும்பியவர். 1920-இல் தென்கிழக்கு பிரான்சின் மலைச்சரிவில் பார்-சுர்-லூ என்ற சிற்றூரின் தொடக்கப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். மூச்சு போதாது. வகுப்பில் நின்று உரக்கப் பேசிக்கொண்டே இருக்க முடியாது. அன்றைய பள்ளி என்றால் ஆசிரியர் பேசுவது, பிள்ளைகள் கேட்பது. பேச முடியாத ஆசிரியர் என்ன செய்வார்? பிள்ளைகளை வெளியே அழைத்துக்கொண்டு போனார். தோட்டம், நெசவுக்காரர், தச்சர், ஓடை. திரும்பி வந்து பார்த்ததைப் பேசினார்கள். பேசியதைக் கரும்பலகையில் எழுதினார்கள்.

அங்கேதான் அவருக்கு ஓர் உறுத்தல். பிள்ளைகள் சொன்ன உயிருள்ள வாக்கியங்கள் சாயங்காலம் துடைத்தெறியப்படுகின்றன. அச்சடித்த பாடப்புத்தகத்தின் உயிரற்ற வாக்கியங்கள் மட்டும் நாளைக்கும் இருக்கின்றன. அச்சில் வந்தது மதிப்புள்ளது, பிள்ளை சொன்னது மதிப்பற்றது என்று பள்ளியே பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. 1920-களின் நடுவில் அவர் ஒரு சின்னக் கை அச்சு இயந்திரத்தை வாங்கி வகுப்பில் வைத்தார்.

பிள்ளைகள் தாங்கள் எழுதியதை வகுப்பில் படித்துக்காட்டுவார்கள். எதை அச்சிடலாம் என்று எல்லாரும் சேர்ந்து முடிவுசெய்வார்கள். பிறகு ஒவ்வொரு எழுத்தாக ஈய அச்சைப் பொறுக்கி, கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிக் கோத்து, மை தடவி, தாள் வைத்து அழுத்துவார்கள். ஓர் எழுத்துப் பிழை இருந்தால் அது எல்லாத் தாளிலும் விழும். அதனால் எழுத்துப்பிழை திருத்துவது பிள்ளைகளின் சொந்தக் கவலையாகிவிட்டது. ஆசிரியர் பிரம்பெடுக்கத் தேவையில்லை. ஒரு பக்கம் அச்சேற அவ்வளவு நேரம் பிடிப்பதை அவர் குறையாக எண்ணவில்லை. இன்றைய விற்பனைப் பேச்சில் நேரத்தை மிச்சப்படுத்துவதுதான் கருவியின் முதல் பெருமை. ஃப்ரெனேயின் கருவி நேரத்தைச் செலவழித்தது. அந்தச் செலவில்தான் பிள்ளை எழுத்துக் கற்றது.

அடுத்தது கடிதம். பிரான்சின் மறுகோடியில், பிரிட்டனி கடற்கரையில், ரெனே தானியேல் என்ற இன்னொரு கிராமத்து ஆசிரியர். இரண்டு பள்ளிகளும் அச்சிட்ட தாள்களை ஒன்றுக்கொன்று அனுப்பின. மலையில் பிறந்த பிள்ளைகளுக்குக் கடலைப் பற்றி அங்கே வாழும் பிள்ளைகளே எழுதினார்கள். தன்னை அறியாத ஒருவர் படிக்கப்போகிறார் என்றால் எழுதும் கை தானாகத் தெளிவாகிவிடும். படிக்க ஆளில்லாத கட்டுரை நோட்டில் அது வராது.

வேறு ஊர்களின் ஆசிரியர்களும் அச்சு இயந்திரம் வாங்கினார்கள். கூட்டுறவு அமைத்தார்கள். தாளும் மையும் சேர்ந்து வாங்கினார்கள், இதழ் நடத்தினார்கள். அமைச்சகத்தின் சுற்றறிக்கை எதுவும் இதற்குப் பின்னால் இல்லை. ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியர் இன்னொருவருக்குச் சொன்னார், அவ்வளவுதான்.

ஃப்ரெனே இதற்கு விலையும் கொடுத்தார். 1928-இல் செயின்-போல் என்ற ஊருக்கு மாறினார். அங்கே ஒரு பிள்ளை தான் கண்ட கனவை எழுத, அது அச்சாக, அதில் ஊர்த் தலைவர் வர, அதைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பாளர்கள் ஊரைத் திரட்டினார்கள். அந்தப் பள்ளியை விட்டு அவர் போக வேண்டியதாயிற்று. 1935-இல் வான்ஸ் என்ற ஊரில் சொந்தமாகப் பள்ளி திறந்தார். பிள்ளைகள் உண்மையில் நினைப்பதை அச்சில் போடும் கருவி எல்லாருக்கும் பிடித்துவிடாது. யாருக்கும் உறுத்தாத கருவிகள் மட்டும் பள்ளிக்குள் சுலபமாக நுழைவதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது.

*

1913-இல் எடிசன், பத்தாண்டுக்குள் பள்ளியில் புத்தகமே தேவைப்படாது, சினிமாப் படம் அந்த வேலையைச் செய்துவிடும் என்ற கருத்தைச் சொன்னார். பிறகு வானொலி. பிறகு தொலைக்காட்சி. 1975-76-இல் நாசாவின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோளை இரவல் வாங்கி நாமே 6 மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பு நடத்தினோம். 1984-இல் பி.பி.சி. மைக்ரோ கணினிகள் நம் பள்ளிகளுக்கு வந்தன. லாரி கியூபன் என்ற அமெரிக்கக் கல்வி வரலாற்றாசிரியர் 1986-இல் எழுதிய புத்தகத்தில் இந்தச் சுற்று அப்படியே இருக்கிறது: பெரிய வாக்குறுதி, வாங்கிக் குவிப்பது, ஆசிரியர்கள் அரைகுறையாகப் பயன்படுத்துவது, கடைசியில் ஆசிரியர்மேல் பழி. ஆசிரியர்கள் எதை ஏற்றுக்கொண்டார்கள் என்றும் அவர் கவனித்திருக்கிறார். கரும்பலகை, பாடப்புத்தகம் போல, வகுப்பு ஓடும் வேகத்துக்கு வளைந்துகொடுத்து, கையில் எடுத்த உடனே வேலை செய்கிறவை நிலைத்தன.

*

செயல்வழிக் கற்றல். தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளியோடு தொடர்புள்ள யாரிடமும் இந்தச் சொல்லைச் சொன்னால் ஒரு மணிநேரப் பேச்சு உறுதி. பாராட்டோ, மனக்குறையோ.

இதன் ஊற்று ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகிலுள்ள ரிஷிவேலி. அங்கே ஜே. கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய பள்ளி இருக்கிறது. அதன் கிராமக் கல்வி மையத்தில் பத்மநாப ராவும் ராமாவும் சுற்றுவட்டார ஓராசிரியர் பள்ளிகளுக்காக ஒரு முறையை உருவாக்கினார்கள். ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்புப் பிள்ளைகள். பாடத்தைச் சிறுசிறு அட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னம் போட்டு, ஏணிப்படிபோல் அடுக்கினார்கள். பிள்ளை தான் நிற்கும் படியைத் தானே பார்த்து, அந்தச் சின்னமுள்ள அட்டையை எடுத்துக்கொண்டு வந்து உட்காரும்.

2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்களை அங்கே அனுப்பினார். பார்த்துத் திரும்பிய ஆசிரியர்கள் தமிழ்ப் பாடத்துக்கும் கணக்குக்கும் தாங்களே உட்கார்ந்து அட்டைகளை எழுதினார்கள். 13 பள்ளிகளில் தொடங்கியது. 2007-08-இல் மாநிலம் முழுக்க 37,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது.

அது கொண்டுவந்த மாற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தவை மின்சாரம் தேவைப்படாதவை. சுவரின் கீழ்ப்பகுதியில், பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில், அறையைச் சுற்றிக் கரும்பலகை. அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு கட்டம். தலைக்கு மேலே கம்பி கட்டி, பிள்ளைகள் வரைந்ததைத் தொங்கவிட்டார்கள். வருகையைப் பிள்ளையே பதிந்தது. ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் உட்கார்ந்தார். அட்டைகளைவிடப் பெரிய மாற்றம் இந்தப் பாய்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. பழைய முறையில் காய்ச்சலில் பத்து நாள் வராத பிள்ளை திரும்பி வரும்போது வகுப்பு எங்கேயோ போயிருக்கும். வேலை தேடி ஊர்விட்டு ஊர் போகும் குடும்பத்துப் பிள்ளைக்கு இது ஒவ்வொரு ஆண்டும் நடக்கும். ஏணியில் அந்தப் பிள்ளை விட்ட படியிலேயே ஏறலாம். விடுப்பு எடுத்ததற்குத் தண்டனை இல்லை. இதை யோசித்தவர்கள் வகுப்பறையை அறிந்தவர்கள்.

பிறகு என்ன ஆயிற்று என்பதை நேர்மையாக எழுத வேண்டும். முதல் 13 பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு அட்டை அவர்கள் எழுதியது. ஒரு சொல் பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்றால் மறுநாளே மாற்றி எழுதலாம், எழுதியவர் பக்கத்து அறையில் இருக்கிறார். 37,000 பள்ளிகளுக்கு அட்டை கட்டுக்கட்டாக அச்சாகி வண்டியில் வந்தது. கூடவே பயிற்சி, கூடவே பார்வையிடல். எந்தப் பிள்ளை எந்தப் படியில் என்று பார்வையிட வருகிறவர் கேட்பார். கேட்பார் என்பதற்காகவே ஏணி விளக்கப்படத்தை நிரப்பும் வேலை சேர்ந்தது. பாடப்புத்தகம் எங்கே, வீட்டுப்பாடம் எங்கே என்று பெற்றோர் கேட்ட கேள்விக்கு அட்டையை எழுதிய ஆசிரியரால் விளக்கம் சொல்ல முடிந்தது. கட்டைப் பிரித்தவரால் அந்த அளவுக்குச் சொல்ல முடியவில்லை.

அதற்காக மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு நல்ல முறை 13 பள்ளிகளோடு நின்றிருந்தால் மற்றப் பிள்ளைகள் செய்த குற்றம் என்ன? பரவியபோது அட்டை மட்டும் போனது, அட்டையைத் திருத்தும் உரிமை போகவில்லை. குறை அங்கேதான்.

2022 முதல் ‘எண்ணும் எழுத்தும்’. பெருந்தொற்றில் விட்டுப்போனதை ஈடுகட்ட வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. வயதைப் பார்க்காமல் பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்குவது என்ற அடிப்படை இதிலும் தொடர்வது நல்லது. செயல்வழிக் கற்றலில் பழகிய ஆசிரியர்கள் இதற்குள் சீக்கிரம் நுழைந்திருப்பார்கள் என்றே எண்ணுகிறேன்.

*

ஹோஷங்காபாத், மத்தியப் பிரதேசம். 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் அறிவியலைச் செய்துபார்த்துக் கற்கும் திட்டம் தொடங்கியது. அனில் சத்கோபால் அமைத்த கிஷோர் பாரதியும், ரசூலியாவிலிருந்த நண்பர்கள் ஊரக மையமும் முன்னின்றன. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் விஞ்ஞானிகள் வந்து கிராமத்து ஆசிரியர்களோடு தரையில் உட்கார்ந்தார்கள். 1978-இல் மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. 1982-இல் ஏகலவ்யா என்ற அமைப்பு இதற்காகவே பிறந்தது.

‘பால் வைக்ஞானிக்’ என்ற அவர்களுடைய பாடநூலில் ஒரு பாடம் எழுதியதும் அதை வகுப்பில் நடத்திப்பார்ப்பார்கள். சோதனை சரியாக வரவில்லை என்று ஆசிரியர் சொன்னால் பாடம் மாறும். மாதம் ஒருமுறை சுற்றுவட்டார ஆசிரியர்கள் கூடுவார்கள். எந்தச் சோதனை ஏன் தவறிப்போனது, பிள்ளை கேட்ட எந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்பதே பேச்சு. பதில் தெரியாத ஆசிரியர் தலைகுனிய வேண்டிய கூட்டமாக அது இல்லை. பிள்ளைகளின் கேள்விகளுக்காகச் சவாலிராம் என்ற கற்பனைப் பாத்திரத்தையும் படைத்தார்கள். பிள்ளைகள் அவருக்குக் கடிதம் எழுதுவார்கள், பதிலும் வரும். தேர்வில் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொள்ளலாம்.

டெல்கோவில் பொறியாளராக இருந்த அர்விந்த் குப்தா 1978-இல் விடுப்பெடுத்துக்கொண்டு அங்கே வந்தார். வாரச் சந்தையில் கிடைக்கும் சைக்கிள் வால்வ் டியூபையும் தீக்குச்சியையும் வைத்து முக்கோணம், சதுரம், பிரமிடு என்று செய்யக் கற்றுக்கொடுத்தார். முக்கோணம் அசையாது, சதுரம் சாய்ந்துவிடும் என்பது பிள்ளையின் விரலுக்கே தெரிந்துவிடும். ஓட்டு வீட்டுக் கூரையில் ஏன் முக்கோணச் சட்டம் என்பதும் அதோடு தெரிந்துவிடும்.

2002-இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்தியது. முப்பது ஆண்டு வேலை. எனக்கு இதை எழுதும்போதே வருத்தமாக இருக்கிறது.

*

ரஞ்சித்சிங் திசாலே. சோலாப்பூர் மாவட்டம் பரிதேவாடி ஜில்லா பரிஷத் பள்ளி. 2020-இன் உலக ஆசிரியர் விருது, 10 லட்சம் டாலர். அதில் பாதியை இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது ஆசிரியர்களுக்குப் பகிர்ந்துகொடுத்தார். பாடப்புத்தகத்தில் கியூ.ஆர். குறியீட்டை ஒட்டியவர் என்று செய்திகளில் வந்தது. விருதுக்கு முன்பே மகாராஷ்டிரம் தன் பாடப்புத்தகங்களில் அதை ஏற்றுக்கொண்டிருந்தது.

செய்திகள் வேகமாகக் கடந்துபோன இடத்தில் நான் நிற்கிறேன். 2009-இல் அவர் போனபோது பள்ளி ஒரு மாட்டுக்கொட்டகைக்கும் சரக்கு அறைக்கும் நடுவில் இடிந்த நிலையில் இருந்தது. பிள்ளைகளின் வீட்டு மொழி கன்னடம், புத்தகம் வேறு மொழியில். அவர் முதலில் அந்த மொழியைத் தாண்ட வழி தேடினார். பாடத்தைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி மாற்றினார். ஒலியும் காட்சியும் சேர்த்தார். அவற்றைப் பிள்ளையின் கையில் சேர்க்கத்தான் குறியீடு. குறியீட்டுக்குப் பின்னால் என்ன வைப்பது என்பதை அந்தப் பிள்ளைகளை அறிந்த ஒருவர் முடிவுசெய்தார்.

தமிழ்நாட்டில் 2018-இன் புதிய பாடநூல்களில் குறியீடு வந்தது. நல்ல புத்தகங்கள், அழகான அச்சு. குறியீட்டைத் திறந்தால் வருவது எல்லா ஊருக்கும் ஒரே காணொலி. ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். திருப்பூரில் ஒடியாவும் இந்தியும் பேசும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் தமிழ் வழியில் சேர்கிறார்கள். அந்தந்தப் பள்ளியின் ஆசிரியர் தன் குரலில் ஐந்து நிமிட விளக்கத்தைப் பதிந்து, அதே குறியீட்டின் கீழ்ச் சேர்க்க ஒரு வழி இருந்தால் போதும். தொழில்நுட்பத்துக்கு இது பெரிய வேலையில்லை. ஆசிரியரை நம்ப வேண்டும், அதுதான் வேலை.

*

காளிக்குப்பம். சுனாமி அடித்த கடலோரக் கிராமம். சுகதா மித்ராவும் ரிது தங்வாலும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு அங்கே நடந்தது. தமிழ் மட்டும் பேசும் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள். ஆங்கிலத்தில் உயிரித் தொழில்நுட்பப் பாடம் உள்ள ஒரு கணினி. சொல்லித்தர யாரும் இல்லை. பிள்ளைகள் கூடிக்கூடிப் பார்த்து ஓரளவு கற்றுக்கொண்டார்கள். உள்ளூர் அரசுப் பள்ளியில் அதைப் படித்தவர்களின் அளவை எட்டினார்கள். பிறகு, அந்தப் பாடமே தெரியாத, ஆனால் பிள்ளைகளோடு நட்பாகப் பழகும் ஓர் இளம்பெண்ணைத் துணைக்கு வைத்தார்கள். பக்கத்தில் நின்று வியந்து கேட்பதும், ஊக்கப்படுத்துவதும் மட்டும் அவர் வேலை. பிள்ளைகள் டெல்லியின் தனியார் பள்ளி மாணவர்களின் அளவுக்கு வந்துவிட்டார்கள்.

பிள்ளைகள் தாமாகவே கற்பார்கள், ஆசிரியர் தேவையில்லை என்று சொல்ல மித்ராவின் சோதனைகளைப் பலரும் எடுத்துக்காட்டுகிறார்கள். எனக்கு அந்த ஆய்விலிருந்து கிடைப்பது வேறு. இயந்திரம் மட்டும் இருந்தபோது ஒரு தூரம். அன்பான ஒரு ஆள் சேர்ந்தபோது இன்னும் அவ்வளவு தூரம். அந்தப் பெண்ணுக்குப் பாடமும் தெரிந்திருந்தால் என்று யாரும் சோதித்துப்பார்க்கவில்லையே என்று ஆதங்கப்படுகிறேன்.

*

பெரு நாடு: 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள், பெரும்பாலும் ஏழைக் கிராமப் பள்ளிகளுக்கு. 319 பள்ளிகளை எடுத்துச் செய்த ஆய்வு 2012-இல் வந்தது. கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் தெரியவில்லை. ஆசிரியர்களை ஆயத்தம் செய்யாமல் பெட்டியை இறக்கினால் நடப்பது இதுவே. எத்தனை முறை இதைச் சோதிக்க வேண்டும்?

தமிழ்நாட்டில் 2011 முதல் பிளஸ் டூ மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்தோம். பல வீடுகளில் அதுதான் முதல் கணினி. அந்தப் பெருமையை நான் குறைக்கமாட்டேன். ஆனால் அதை வைத்து இயற்பியல் எப்படி நடத்துவது, கணக்கு எப்படி நடத்துவது என்பதை ஆசிரியரோடு சேர்ந்து யோசிக்காமல் விட்டோம். கணினி வீட்டுக்குப் போயிற்று, பாடம் வகுப்பிலேயே இருந்துவிட்டது.

*

கேரளத்தைப் பார்த்து நாம் கற்க வேண்டியது இருக்கிறது. 2001-02-இல் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ தொடங்கியது. பள்ளியில் எந்த மென்பொருள் என்ற கேள்வி அங்கே தெருவுக்கு வந்த கேள்வி. ஆசிரியர் அமைப்புகளும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் பேசினார்கள், எழுதினார்கள். பள்ளிகள் குனூ லினக்ஸுக்கு மாறின. உரிமக் கட்டணம் மிச்சமானது ஒருபுறம். அதைவிட முக்கியமானது, மலையாளத்தில் எது வேண்டும், வேதியியலுக்கு எந்தக் கருவி வேண்டும் என்று ஆசிரியர்கள் கேட்டால் உள்ளே திறந்து மாற்ற முடிந்தது. பூட்டிய பெட்டியாக இருந்தால் நிறுவனத்துக்கு மனுப்போட்டுக் காத்திருக்க வேண்டும்.

பயிற்சி கொடுத்தவர்களும் ஆசிரியர்களே. மலையாள ஆசிரியர், சமூக அறிவியல் ஆசிரியர், உயிரியல் ஆசிரியர் மாநிலப் பயிற்றுநர்கள் ஆனார்கள். ஒவ்வொரு பள்ளியிலும் பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவர் தகவல் தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளர். 2017-இல் இந்தத் திட்டம் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமானது. 2018-இல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்று மாணவர் மன்றங்கள். பள்ளியின் கணினிகளைப் பராமரிப்பதில் பிள்ளைகளும் கைகொடுக்கிறார்கள். புரொஜெக்டர் பழுதானால் ஒப்பந்தக்காரர் வரும்வரை துணி போர்த்திவைக்கும் நிலை அங்கே குறைவாகத்தான் இருக்கும்.

2020 ஜூன் 1. பள்ளிகள் பூட்டியிருக்க, ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்று விக்டர்ஸ் அலைவரிசையில் பாடம் தொடங்கியது. இருபதாண்டு உழைப்பால்தான் இத்தனை சீக்கிரம் முடிந்தது. நம்மிடமும் 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி இருந்தது, உதவியது. இருந்தும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் 2020 மார்ச்சிலிருந்து 2021 நவம்பர் 1 வரை வகுப்பைப் பார்க்கவில்லை. ‘இல்லம் தேடிக் கல்வி’யில் தெருவிலும் கோயில் மண்டபத்திலும் சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் இளம்பெண்கள், மாதம் 1,000 ரூபாய்க்கு அந்த வேலையைச் செய்தார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லி முடியாது.

*

பதிவு வேலை. இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். இன்று ஆசிரியர் கையிலிருக்கும் தொழில்நுட்பத்தில் பெரும்பகுதி கற்பிக்க உதவுவதில்லை, கணக்குக் கேட்கிறது. வருகைப் பதிவு, எடை உயரம், காலணி அளவு, சீருடை, வினாடி வினா மதிப்பெண், படம் எடுத்து ஏற்றுவது. சிக்னல் வரும் மரத்தடியைத் தேடிப் போகும் ஆசிரியர்கள் மலைப்பள்ளிகளில் இருக்கிறார்கள். எமிஸ் என்ற கல்வித் தரவுத் தளத்தின் பதிவுகளிலிருந்து விடுவிக்கச் சொல்லி ஆசிரியர் சங்கங்கள் போராடியிருக்கின்றன. 2024-இல் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சுமார் 80,000 பேருக்குக் கைக்கணினி தர அரசு ஏற்பாடு செய்தது. பாராட்டுக்குரியது. அந்தக் கைக்கணினி ஒரு நாளில் எத்தனை நிமிடம் பிள்ளையின் முன் திறந்திருந்தது, எத்தனை நிமிடம் படிவத்தின் முன் திறந்திருந்தது என்று அரசே கணக்கெடுத்தால் நல்லது. அந்த ஒரு பதிவை ஆசிரியர்கள் மகிழ்ச்சியோடு செய்வார்கள்.

*

செயற்கை நுண்ணறிவு. கேட்ட நொடியில் பாடக்குறிப்பு எழுதித் தருகிறது. தலைமை ஆசிரியரின் கையெழுத்துக்காகவே நிரப்பப்படும் பாடக்குறிப்பேட்டின் பக்கங்களை அது எழுதட்டும், நேரம் மிச்சமாகும். ஆங்கிலக் கட்டுரையை எளிய தமிழில் கேட்டுப் பார்க்கலாம், வினாத்தாள் மாதிரிகள் எடுக்கலாம்.

பிள்ளையின் நோட்டில் ‘மழை’ ‘மளை’ என்று இருக்கிறது. இயந்திரம் பிழை என்று சிவப்புக்கோடு போடும். ஆசிரியருக்கு, இது இந்த ஊரின் பேச்சு, பிள்ளை காதால் கேட்டதைச் சரியாகவே எழுதியிருக்கிறது என்று தெரியும். இன்னொரு பிள்ளை ‘மமை’ என்று எழுதினால் கண் பார்வையைச் சோதிக்கச் சொல்வார். இரண்டும் ஒரே அளவு பிழைதான் தாளில். எந்தப் பிழைக்கு என்ன செய்வது என்ற இந்த அறிவு பெரும்பாலும் எங்கேயும் எழுதிவைக்கப்படாதது. அது ஆசிரியர்களின் பேச்சில் இருக்கிறது, ஓய்வு பெறும்போது அவர்களோடு போய்விடுகிறது.

2024-இல் கேரளம் 80,000 ஆசிரியர்களுக்குச் செயற்கை நுண்ணறிவில் பயிற்சி தொடங்கியது. மாணவர்களுக்கு முன்பாக ஆசிரியர்களுக்கு. வரிசை சரி.

*

நம் குறுவள மையக் கூட்டங்கள். சனிக்கிழமை, பக்கத்துப் பள்ளி ஒன்றில், பத்துப் பன்னிரண்டு பள்ளிகளின் ஆசிரியர்கள். ஹோஷங்காபாத்தின் மாதக் கூட்டத்துக்கு வேண்டிய கட்டமைப்பு முழுவதும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. இப்போது அதில் மேலிருந்து வந்த காணொலியைப் பார்க்கிறார்கள், முன்னும் பின்னும் இணையவழி வினாக்களுக்கு விடை சொல்கிறார்கள். கருத்தாளரும் பாவம், கொடுத்த அட்டவணையை முடித்தாக வேண்டும்.

ஒரு மணிநேரம் மட்டும் ஆசிரியர்களிடம் விட்டால் போதும். அந்த மாதம் தன் வகுப்பில் எது வேலை செய்யவில்லை என்று ஒருவர் சொல்லட்டும். தான் செய்த துணைக்கருவியை ஒருவர் கொண்டுவரட்டும், காணொலியாக இருந்தாலும் சரி, சுண்டல் பொட்டலத் தாளில் செய்த பின்ன அட்டையாக இருந்தாலும் சரி. கூட்டக் குறிப்பை வட்டார வள மையத்துக்கு அனுப்பி, அங்கிருந்து பாடநூல் எழுதுகிறவர்களிடம் சேர்க்க வேண்டும். அடுத்த பதிப்பில் ஒரு பயிற்சி மாறினால், இந்தக் குறுவள மையம் சொன்னதால் மாறியது என்று அச்சிட வேண்டும்.

இன்னொரு யோசனை. வேதாரண்யத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் உப்பளத்தைப் பற்றி எழுதிய தாள்கள் கூடலூரில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் போகட்டும், அங்கிருந்து பதில் வரட்டும். பள்ளியில் பிரிண்டர் இருக்கிறது, ஆசிரியர் கையில் கைக்கணினி இருக்கிறது. இரண்டு ஆசிரியர்கள் ஒத்துக்கொண்டால் அடுத்த பருவத்திலேயே தொடங்கலாம். வாரத்துக்கு இரண்டு தமிழ்ப் பாடவேளை போதும். பாடவேளையை இப்படி மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டு முதல் கடிதம் வட்டாரக் கல்வி அலுவலருக்குத்தான் போக வேண்டும். அதன் வரைவை இந்த நோட்டின் அடுத்த பக்கத்தில் எழுதிவைக்கிறேன். கேட்கும் ஆசிரியருக்குத் தருகிறேன்.